நம்பி விட்ட விரிவுரையாளர்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

படுவான்கரைக்காரி:

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தேன். இப்போது நானும் படிப்பிக்கிறேன். ஒவ்வோர் அரையாண்டும் புதுப் பிள்ளைகள் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "மிஸ், போன வருசத்து ஒப்படை ஒன்று பார்க்கலாமா?" எனக்குக் கோபம் வருவதில்லை. நானும் உயர்தரம் முழுக்கக் கடந்தகால வினாத்தாள்களைப் பாடமாக்கித்தான் கம்பஸுக்கு வந்தேன். புள்ளித் திட்டத்தில் இல்லாத ஒரு வசனம் எழுதக் கை நடுங்கும்.

இரண்டாம் வருடம் நாட்டாரியல் படிப்பித்த சேர் ஒப்படைக்குத் தலைப்பே தரவில்லை. "உங்கட ஊரில எனக்குத் தெரியாத ஒன்றை எனக்குப் படிப்பியுங்க" என்றார். வகுப்பு அடங்கிப் போனது. கடைசி வாங்கிலிருந்து ஒருவன், "உங்களுக்குத் தெரியாட்டி எப்படி சேர் புள்ளி போடுவீங்க?" என்று கேட்டான். "எனக்கு விளங்கும் வரைக்கும் கேட்பன்" என்றார்.

அடுத்த நாள் அவருடைய அறைக்குப் போய், அம்மப்பா நெற்கதிர் அடிக்கும் களவெட்டியில் வேறு சொற்கள் பேசுவார், அதை எழுதலாமா என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மேசை லாச்சியைத் திறந்து, தன்னுடைய சின்ன ஒலிப்பதிவுக் கருவியையும் இரண்டு பற்றரியையும் எடுத்துக் கையில் தந்தார். கையெழுத்து வாங்கவில்லை. "எப்ப திருப்பித் தரவேணும் சேர்?" "வேலை முடிஞ்ச பிறகு."

மண்முனைப் பாலம் திறந்தது 2014இல். நான் சொல்வது அதற்கு முந்திய காலம். மட்டக்களப்பு வாவியை, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் கடப்போம். அந்தக் கருவியைத் துவாயில் சுற்றி, தண்ணீர் தெறிக்காமல் மடியில் பிடித்துக்கொண்டு போனேன். என் வீட்டிலேயே அதுவரை யாரும் என்னை நம்பி அவ்வளவு விலையான பொருளைத் தந்ததில்லை.

அம்மப்பா வாய் திறக்கவில்லை. கதிரைச் சூடு அடிக்கும் இடத்தில் நெல்லை நெல் என்று சொல்லாமல் 'பொலி' என்பார்கள். அது போல இன்னும் பல சொற்கள் உண்டு. அவற்றைக் களவெட்டிக்கு வெளியே சொன்னால் விளைச்சலைப் பூதம் கொண்டுபோய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை. "அதெல்லாம் வீட்டில வெச்சுச் சொல்லப்படாது புள்ள." பெண்கள் களவெட்டிக்குள் போகும் வழக்கமும் எங்கள் பக்கம் இல்லை. வெறும் ஒலிநாடாவோடு திரும்பி வந்து, தலைப்பை மாற்றட்டுமா என்று கேட்டேன். "ஏன் சொல்லப்படாது என்றதை எழுதுங்க. அதுதான் பெரிய விசயம்" என்றார் சேர்.

அடுத்த போகத்தில் கருவியைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பினேன். அன்று பின்னேரம் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. சேர் என்னை அனுப்பிய அன்று அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் பட்டது.

ஒப்படை திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. சுதந்திரமாக விட்டவர் ஒரு வரியையும் படிக்காமல் விடவில்லை. அழகுக்காக நானே சேர்த்த ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, "இது அம்மப்பா சொன்னதா, நீங்க நினைச்சதா?" என்று கேட்டிருந்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நீர்வாசகன்:

சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தில் படித்தவன் நான். செய்முறை வகுப்பு என்றால் எங்களுக்குத் தாளில் உள்ள படிமுறையைப் பின்பற்றி, தெரிந்த விடைக்கு வந்து சேருவதுதான். விடை சரியாக வராவிட்டால் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதுவோம். ஒரு மிஸ் மட்டும், "வீட்டுக் கிணற்றுத் தண்ணியைக் கொண்டு வாங்க, என்ன கேள்வி கேட்கிறது என்றதை நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். ஆய்வுகூடத் திறப்பையும் எங்கள் கையிலேயே தந்தார்.

எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒரு போத்தல், உம்மா மோட்டார் போட்டுத் தாங்கி நிரப்பிய பிறகு ஒரு போத்தல் எடுத்தேன். ஒரே கிணறு, ஆனால் இரண்டாவது போத்தலில் மின்கடத்துதிறன் கூட. தண்ணீரில் உப்புக் கூடினால் அதுவும் கூடும். பிழையாக அளந்துவிட்டேன் என்று பயந்து மறைக்கப் பார்த்தேன். மிஸ், "நாளைக்கும் அள, நாளன்றைக்கும் அள" என்றார். ஒரு கிழமை அளந்தும் அதேதான். பிறகுதான் வாசித்துத் தெரிந்துகொண்டேன்: கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும், வேகமாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறும். இது புத்தகத்தில் இருக்கிற விசயம்தான். ஆனால் எங்கள் வீட்டுக் கிணற்றில் நான் அதைக் கண்டுபிடித்தேன். உம்மா இப்போது மோட்டாரை இரண்டு தரமாகப் பிரித்துப் போடுகிறார்.

கல்லடித் தம்பி:

அக்கா, ஒரு கேள்வி. நானும் இந்த வருடம் தலைப்பைப் பிள்ளைகளிடமே விட்டேன். நாற்பது பேரில் மூன்று பேர் ஒரே கட்டுரையைப் பெயர் மாற்றித் தந்துவிட்டார்கள். மனம் விட்டுப் போச்சு. அடுத்த முறை பழையபடி நானே தலைப்புக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

படுவான்கரைக்காரி:

தம்பி, அவசரப்படாதீங்க. மற்ற முப்பத்தேழு பேர் தந்ததை முதலில் வாசியுங்க.

எங்கள் வகுப்பிலும் ஒருத்தி பார்த்து எழுதினாள். சேர் வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. தனியே கூப்பிட்டு, புள்ளி போட முடியாது என்று சொல்லிவிட்டு, "வீட்டில இருந்து கம்பஸ் வர எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். இரண்டு பஸ், இரண்டரை மணித்தியாலம், போய்த்தான் சமைக்கவேணும் என்றாள். "அப்ப பஸ்ஸிலதான் உங்களுக்கு நேரம் இருக்கு. அங்க கேட்கிறதை எழுதுங்க" என்றார். மூன்று கிழமைக்குப் பிறகு, சந்தைக்குப் போகும் பெண்கள் பஸ்ஸில் சொல்லும் பழமொழிகள் அறுபத்துமூன்றை, யார் எந்தச் சண்டையில் சொன்னது என்ற விவரத்தோடு எழுதிக்கொண்டு வந்தாள். பாதிப் பக்கம் பஸ் குலுக்கலில் எழுதிய எழுத்து. சேர் அதை அப்படியே வாங்கிக்கொண்டார்.