அடிக்கடி உடையும் மடிக்கணினிக் கீல்கள்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி:
வாரண்டி முடிந்த சில மாதங்களிலேயே என் மடிக்கணினியின் இடப்பக்கக் கீல் பெயர்ந்து வந்துவிட்டது. அது கீழே விழவில்லை. வழக்கம்போல் திறந்து மூடியதோடு சரி. திரையின் பின்மூடியையும் அடிப்பாகத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்கிறது சர்வீஸ் சென்டர். கடைகளில் செயலி, ரேம், விலை ஆகியவற்றைத்தான் சொல்கிறார்கள். ஒரு கணினி உறுதியாகக் கட்டப்பட்டதா என்பதை வாங்கும் முன்பே அறிய வழி உண்டா?

மறுமொழி 1:
பெரும்பாலும் கீல் உடைவதில்லை. அதைத் தாங்கும் பிளாஸ்டிக்தான் உடைகிறது. திரை எந்தக் கோணத்திலும் நிற்பதற்காகக் கீலை இறுக்கமாக அமைக்கிறார்கள். விலை குறைந்த பல மாடல்களில் அதன் திருகுகள், பிளாஸ்டிக்கில் பதித்த சிறு பித்தளை மரைகளில் முடுக்கப்பட்டிருக்கும். திறக்கும்போதெல்லாம் விசை முழுவதும் அந்த மரைகளின் மீதே விழுவதால், நாளடைவில் பிளாஸ்டிக் விரிசல் விட்டு அவை பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகின்றன. இதைப் பயனரின் கவனக்குறைவு என்று சொல்வது அநியாயம். இது வடிவமைப்பின் குறை. மூலையைப் பிடிக்காமல் நடுவில் பிடித்துத் திறந்தால் ஆயுள் சற்றுக் கூடும், அவ்வளவே.

மறுமொழி 2:
வழி உண்டு. டெல், எச்பி, லெனோவா ஆகிய நிறுவனங்கள் பல மாடல்களின் பழுதுநீக்கக் கையேட்டைத் தங்கள் இணையதளத்திலேயே இலவசமாகத் தருகின்றன. வாங்க நினைக்கும் மாடலின் கையேட்டை இறக்கி, ரேம் கழற்றி மாற்றக்கூடியதா அல்லது மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டதா, விசைப்பலகை தனியாகக் கழலுமா, கீல் எதில் திருகப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம் படத்தோடு பாருங்கள். விலையை மட்டும் நம்ப வேண்டாம். ஆப்பிள் 2015-இல் கொண்டுவந்த, பட்டர்ஃபிளை என்ற மெல்லிய வகை விசைப்பலகையில் தூசி புகுந்தாலே விசைகள் சிக்கிக்கொண்டன. 2018-இல் அந்நிறுவனம் இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது, 2019 இறுதியில் வெளிவந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் விசைகளுக்கு அடியில் கத்தரிபோல் குறுக்கிட்ட தாங்கிகள் கொண்ட பழைய அமைப்புக்கே திரும்பியது.

மறுமொழி 3:
பட்ஜெட் குறைவென்றால், அலுவலகங்களுக்கென்று தயாரிக்கப்பட்ட லெனோவாவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட் வரிசைகளில் புதுப்பிக்கப்பட்ட பழைய கணினியைப் பாருங்கள். உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்கும். பணம் கொடுக்கும் முன் பேட்டரியின் நிலையையும், கணினியை முன்பு பயன்படுத்திய நிறுவனம் பயாஸில் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளில்) வைத்த கடவுச்சொல் நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கடையிலேயே சரிபார்த்துவிடுங்கள். அந்தப் பூட்டோடு வரும் கணினியை மீட்பது மிகவும் கடினம்.