தாயின் நிலையே பிள்ளையின் நிலை: அமெரிக்க வரலாறு படித்த அனுபவங்கள்

ரிச்மண்ட், வர்ஜீனியாவிலிருந்து:

என் கணவரின் வேலை காரணமாக ரிச்மண்ட் வந்து, வேலை விசாவில் வருபவரின் துணைவருக்குத் தரப்படும் எச்-4 விசாவில் வேலைக்குச் செல்ல வழியில்லாமல் இருந்த காலத்தில், அருகிலுள்ள சமுதாயக் கல்லூரி ஒன்றில் மாலை வகுப்பாக அமெரிக்க வரலாறு படித்தேன். ஆங்கிலேயர் ஜேம்ஸ்டவுனில் குடியேறிய 1607 முதல் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் முடிவடைந்த 1877 வரை முதல் பருவம். அதன்பின் நம் காலம் வரை இரண்டாம் பருவம். பள்ளியில் பழகிய வழக்கப்படியே ஆண்டுகளையும் போர்களையும் ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். நான்காவது வாரத்தில் ஆசிரியர் எங்கள் கையில் கொடுத்த ஒரே ஒரு தாள் அந்தப் பழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது.

அது 1662-ஆம் ஆண்டு வர்ஜீனியா சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டம். ஆங்கிலேயனுக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் பிறக்கும் பிள்ளை அடிமையா, சுதந்திரமானவரா என்ற ஐயம் எழுந்துள்ளதால், இனி இந்த நாட்டில் பிறக்கும் எந்தப் பிள்ளையும் தாயின் நிலையையே பெறும் என்று அது கூறுகிறது. தொடர்ந்து வரும் அபராதப் பகுதியைச் சேர்த்தும் சில வரிகள்தான். சாதாரணமான நிர்வாக நடையில் எழுதப்பட்டிருந்ததால், முதல் வாசிப்பில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அந்த ஐயம் ஏன் எழுந்தது என்று ஆசிரியர் கேட்டார். எங்களில் யாருக்கும் விடை தெரியாததால், எலிசபெத் கீ என்ற பெண்ணின் வழக்கை அவர் விளக்கினார். தந்தை ஆங்கிலேயர், தாய் ஆப்பிரிக்கர். ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் பிள்ளை தந்தையின் நிலையைப் பெறும் என்பதையும், தாம் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர் என்பதையும் முன்வைத்து அவர் வழக்காடி, 1656-இல் விடுதலை பெற்றார். ஆறே ஆண்டுகளில், அவர் நுழைந்த வாசலை அந்தச் சட்டம் அடைத்தது. மற்றொரு வாசலும் திறந்திருக்கக் கூடாது என்று, திருமுழுக்குப் பெற்றாலும் அடிமை நிலை மாறாது என 1667-இல் இன்னொரு சட்டம் வந்தது. வழக்குகளையும் சட்டங்களையும் ஆண்டு வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், அடிமை முறை கப்பலில் முழு உருவத்தோடு வந்து இறங்கவில்லை, பல ஆண்டுகள் உட்கார்ந்து யோசித்த மனிதர்கள் அதைப் பத்தி பத்தியாக எழுதினார்கள் என்பது எனக்குப் புரிந்தது. 1619-இல் முதல் ஆப்பிரிக்கர்கள் இங்கே விற்கப்பட்ட பிறகும், ஆந்தனி ஜான்சன் போன்ற ஒருவர் விடுதலை பெற்று, 1651-இல் 250 ஏக்கர் நிலத்துக்கு உரிமை பெற முடிந்திருக்கிறது. அத்தகைய வாழ்க்கைக்கு இருந்த இடத்தைத்தான் பின்வந்த சட்டங்கள் ஒவ்வொன்றாக அழித்தன.

தாயின் நிலையே பிள்ளைக்கு என்றால், உரிமையாளன் தன் அடிமைப் பெண்ணை வன்புணர்ந்து பெறும் பிள்ளையும் அவனுடைய சொத்தாகிவிடும். இதை வகுப்பில் ஒரு மாணவி உரக்கச் சொன்னபோது அறையில் யாரும் பேசவில்லை. எனக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது. அன்றிரவு வீடு திரும்பி அவளைத் தூக்கியபோது என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுத எனக்கு இயலவில்லை.

இரண்டாம் பருவத்தில், ரிச்மண்டுக்குத் தென்மேற்கே உள்ள ஃபார்ம்வில் ஊருக்குச் சென்றோம். 180 மாணவர்களுக்காகக் கட்டப்பட்ட மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் 450-க்கும் மேற்பட்ட கறுப்பின மாணவர்கள் படித்தார்கள். கட்டடம் போதாமல் தார்க் காகிதம் வேய்ந்த கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. 1951 ஏப்ரல் 23 அன்று, பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி, தலைமையாசிரியர் வெளியே சென்றிருக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டு, மாணவர்களை அரங்கில் கூட்டி வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார். அதிலிருந்து பிறந்த வழக்கு, பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரவுன் வழக்கோடு இணைந்த ஐந்து வழக்குகளில் ஒன்றாயிற்று. இவ்வளவும் பாடநூலில் இருந்தது. தீர்ப்புக்குக் கீழ்ப்படிவதைவிடப் பள்ளிகளே இல்லாமல் போகட்டும் என்று அந்த மாவட்ட நிர்வாகம் 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடியதை, இன்று அருங்காட்சியகமாக உள்ள அந்தக் கட்டடத்தில் நின்றுதான் முழுமையாக அறிந்தேன். வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று உடனே எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலர் ஐந்து ஆண்டுகள் வரை பள்ளியே இல்லாமல் வளர்ந்தார்கள். அவர்களில் பலர் இன்று என் மாமியாரின் வயதில் இருக்கிறார்கள். நான் நோட்டில் எழுதிய ஆண்டுகள் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பது அங்கேதான் விளங்கியது.

உங்களில் வேறு யாருக்காவது இத்தகைய அனுபவம் உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

நியூ ஜெர்சியிலிருந்து:

அம்மா, தங்கள் பதிவைப் படித்த பிறகு என் அனுபவத்தையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் வகுப்பில் படித்தவன் அல்லன். குடியுரிமைத் தேர்வுக்காகப் படித்தவன். அப்போது 100 கேள்விகளைத் தயார் செய்ய வேண்டும். அதிகாரி பத்து வரை கேட்பார், ஆறுக்குச் சரியான விடை சொன்னால் போதும். விடைகளை ஒரு வாரத்தில் கற்றுவிட்டேன். ஆனால் குடியுரிமை என்பது தொடக்கத்தில் யாருக்குக் கிடைத்தது என்ற கேள்வி மனத்தில் எழுந்ததால், தேர்வுக்குத் தேவையற்ற பக்கங்களையும் படிக்கத் தொடங்கினேன்.

1790-ஆம் ஆண்டுச் சட்டம், சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை கோரும் வாய்ப்பை அளித்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் சேர்க்கப்பட்டனர், ஆசியர் சேர்க்கப்படவில்லை. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் தமக்குக் குடியுரிமை வேண்டும் என்று வாதிட்டார். சாமானிய மனிதனின் புரிதலில் அவர் வெள்ளையர் அல்லர் என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது.

இது வரை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. திண்டின் தரப்பு வாதத்தைப் படித்தபோது அந்தக் கோபம் திசை மாறியது. தாம் உயர்சாதி ஆரியர் என்றும், அமெரிக்கர் கறுப்பினத்தவருடன் மண உறவு கொள்வதை எப்படிப் பார்க்கிறார்களோ அப்படியே உயர்சாதி இந்துவும் இந்தியாவின் பழங்குடியினரைப் பார்க்கிறார் என்றும் அவர் தரப்பில் சொல்லப்பட்டிருக்கிறது. அநீதியான சட்டத்தை எதிர்க்காமல், அதன் வேலிக்குள் தமக்கு ஓர் இடம் கேட்கச் சாதியைச் சான்றாக நீட்டிய அந்த வரிகளைப் படித்து நான் வெட்கப்பட்டேன். அவரை எளிதில் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டம் திறந்து வைத்திருந்த ஒரே சந்து அதுவாக இருந்தது. ஆனாலும் அந்த வாதம் நம் வீட்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ஒன்று என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

இந்தியருக்குக் குடியுரிமை உரிமையும் ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடும் 1946-இல் கிடைத்தன. நாட்டுவாரியான பழைய ஒதுக்கீட்டு முறை 1965-இல்தான் ஒழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறியிருந்தது. பிறப்பின் பெயரால் பாகுபாடு கூடாது என்று தெருவில் இறங்கியவர்கள் கறுப்பின மக்கள். அந்த மக்கள் பெற்றுத் தந்த காற்றில்தான் எங்களைப் போன்றோருக்கும் கதவு திறந்தது. குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்று இதை நினைத்துக்கொண்டேன்.

சென்னையிலிருந்து:

நான் அமெரிக்கா சென்றதில்லை. முதுகலை வரலாற்றில் அமெரிக்க வரலாறு எங்களுக்கு ஒரு தாளாக இருந்தது. அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுனில் 1781-இல் சரணடைந்த ஆங்கிலேயப் படையின் தளபதி கார்ன்வாலிஸ் என்று தேர்வில் எழுதியிருந்தேன். பின்னர் ஒரு நாள் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில், பின்னாளில் இந்தியாவில் தலைமை ஆளுநரான அவருடைய பெரிய சிலையின் முன் நின்றேன். பீடத்தில் செதுக்கப்பட்டிருப்பது 1792-இல் திப்பு சுல்தானின் மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி. அங்கே இழந்தவர், இங்கே வென்றவராக நிற்கிறார்.

அதே கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். அவர் காலத்தில் மதராஸிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டனர். 1718-இல் அவர் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த கல்லூரி ஒன்றுக்கு 417 நூல்களையும், அரசரின் உருவப்படத்தையும், ஒன்பது பொதிச் சரக்குகளையும் அனுப்பினார். அந்தச் சரக்குகளை விற்ற பணத்தில் கல்லூரி வளர்ந்து, அவர் பெயரையே பெற்றது. அந்தப் பொதிகளில் துணிகளும் இருந்தன.

ரிச்மண்ட், வர்ஜீனியாவிலிருந்து:

இருவருக்கும் நன்றி. மண உறவு பற்றிய அந்த வாதத்தைப் படித்ததும் வர்ஜீனியாவின் மற்றொரு சட்டம் நினைவுக்கு வந்தது. கலப்பு மணம் புரியும் வெள்ளையரை நாடு கடத்த வேண்டும் என்று 1691-இல் எழுதத் தொடங்கிய சட்டங்களின் வரிசை, ரிச்சர்ட் லவிங், மில்ட்ரெட் லவிங் தம்பதியின் வழக்கில் 1967-இல்தான் முடிவுக்கு வந்தது. மாநிலத்தை விட்டு 25 ஆண்டுகள் விலகியிருந்தால் சிறைத் தண்டனை இல்லை என்று அவர்களிடம் கூறப்பட்டிருந்தது.

வரும் ஞாயிறு மகளுடன் ஹாம்ப்டன் நகருக்குச் செல்கிறோம். 1619-இல் ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்ட பாயின்ட் கம்ஃபர்ட் முனையில்தான் பின்னாளில் மன்ரோ கோட்டை எழுந்தது. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861 மே மாதத்தில், ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மாலரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் இரவில் ஒரு சிறு படகில் துடுப்புப் போட்டு அந்தக் கோட்டையை அடைந்தார்கள். அவர்களைத் திருப்பிக் கேட்டு மறுநாள், பிரிந்துபோன தென் மாநிலங்களின் படை அதிகாரி ஒருவர் வந்தார். கோட்டையில் இருந்த அமெரிக்க அரசுப் படையின் தளபதி பென்ஜமின் பட்லர் வழக்கறிஞராக இருந்தவர். வர்ஜீனியா தன்னைத் தனி நாடு என்று அறிவித்துவிட்டதால், தப்பிய அடிமைகளை ஒப்படைக்கச் சொல்லும் அமெரிக்கச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று கூறி மறுத்துவிட்டார். செய்தி பரவியதும் அடுத்த சில நாட்களில் பெண்களும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் அந்தக் கோட்டை வாசலுக்கு வரத் தொடங்கின.