வைஃபை பெட்டியின் செட்டிங்ஸ் பக்கம்: உங்களுக்கு எப்படித் திறந்தது?

போன மாதம் கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். துபாயில் இருக்கும் மாமா ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் வருவார். ஆச்சிக்கு ஒரு நாள் முழுக்க அந்த அரை மணி நேரம்தான் பெரிசு. அன்றைக்கு மாமாவின் முகம் நின்று நின்று வந்தது. "தெருப் பிள்ளைய எல்லாம் நம்ம வைஃபைலதான் பாக்காவ. வந்து கேட்டா எப்படிக் குடுக்காம இருக்க முடியும்?" என்றாள் ஆச்சி. சரி, பாஸ்வேர்டை மாற்றிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

பாஸ்வேர்டை மாற்றும் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்க, எல்லாரும் சொல்கிற 192.168.1.1 என்ற எண்ணை பிரௌசரில் அடித்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது. 192.168.0.1 அடித்தேன், அதுவும் திறக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது: நான் ஏன் எண்ணை ஊகிக்க வேண்டும்? போன் அந்தப் பெட்டி வழியாகத்தானே வெளியே போகிறது, அதற்கு எண் தெரியாமல் இருக்குமா? வைஃபை செட்டிங்ஸில் இணைந்திருக்கும் பெயரை அழுத்தி விவரங்களைப் பார்த்தேன். 'கேட்வே' (போன் வெளியே போகும் வாசல், அதாவது அந்தப் பெட்டி) என்ற இடத்தில் 192.168.100.1 என்று இருந்தது. ஐபோன் என்றால் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஐ குறியைத் தொட்டால் 'ரவுட்டர்' என்ற வரியில் வரும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை கொடுத்தால் 'டீஃபால்ட் கேட்வே' என்று காட்டும்.

எண் கிடைத்தும் முதல் தடவை தேடல் பக்கம்தான் வந்தது. எண்ணுக்கு முன்னால் எச்டிடிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு சேர்த்து அடித்த பிறகு உள்ளே போனது. 'பாதுகாப்பற்றது' என்று பிரௌசர் எச்சரித்தது. வீட்டுக்குள் இருக்கும் பெட்டியின் பக்கம் என்பதால் பயப்படாமல் தொடர்ந்தேன்.

அடுத்து யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்டது. இது வைஃபை பாஸ்வேர்ட் இல்லை, வேறு. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். ஆச்சி வீட்டிலோ பெட்டியை நிலைக்கு மேலே அடித்து வைத்திருந்தார்கள். ஃபைபர் வயருக்குள் இருப்பது கண்ணாடி இழை, கழற்றும்போது மடங்கினால் ஒடிந்துவிடும். அதனால் முக்காலி போட்டு ஏறி, போனை அடியில் நீட்டி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

பாஸ்வேர்டை மாற்றியதும் வீட்டில் எல்லாமே துண்டித்துக்கொண்டது. டிவியிலும் ஆச்சி போனிலும் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். ராத்திரி மாமா தெளிவாக வந்தார். பிள்ளைகளை விரட்ட ஆச்சிக்கு மனசு வரவில்லை. அவர்களுக்காக கெஸ்ட் வைஃபை தனியாக ஆன் பண்ணி வைத்திருக்கிறேன். எட்டு மணிக்கு அது தானாக நிற்கும்படி செய்ய முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

மேலப்பாளையத்திலிருந்து:

தயவுசெய்து யாரும் அவசரப்பட்டு ரீசெட் பட்டனை அழுத்தாதீர்கள். பாஸ்வேர்ட் தெரியவில்லை என்று நான் ஊக்கை வைத்துப் பத்து விநாடி அழுத்தினேன். செட்டிங்ஸ் பக்கம் திறந்தது, நெட் போய்விட்டது. பெட்டி கம்பெனியின் நெட்டுக்குள் நுழைய அவர்கள் கொடுத்த பிபிபிஓஇ (PPPoE) யூசர் நேமும் பாஸ்வேர்டும் பெட்டிக்குள்தான் இருந்திருக்கிறது, அதுவும் சேர்ந்து அழிந்துவிட்டது. கஸ்டமர் கேரில் "ஆள் வருவார்" என்றார்கள். இரண்டு நாள் யாரும் வரவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் என் தங்கச்சி பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்தாள். அது எனக்கு இன்னும் வருத்தம்தான். லைன் போட்ட தம்பியிடம் கேட்டு அந்த இரண்டையும் நோட்டில் எழுதி வைத்த பிறகு ரீசெட்டைப் பற்றி யோசியுங்கள்.

சிந்துபூந்துறையிலிருந்து:

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. மற்ற சாமான்களோடு பழைய பெட்டியும் போனது. புதுப் பெட்டி வந்த பிறகும் பழைய எண்ணையே அடித்து ஒரு மாலை முழுக்க வீணாக்கினேன். இப்போது ஜியோ ஃபைபர், எண் 192.168.29.1. பெட்டி மாறினால் எண்ணும் மாறலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

திசையன்விளையிலிருந்து:

மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு முயலுங்கள். நெட் இல்லாத நேரத்தில் போன் தானாக சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும், அதன் வழியாக இந்தப் பக்கம் கிடைக்காது. பக்கம் இருப்பது பெட்டிக்குள், அதனால் லைன் அறுந்து கிடந்தாலும் திறக்கும். எங்கள் வீட்டில் இரண்டு பெட்டி. கேட்வேயில் காட்டுவது நாம் இணைந்திருக்கும் மாடிப் பெட்டியின் எண். கீழே கம்பெனி வைத்த பெட்டிக்கு வேறு எண், அதன் வைஃபையில் இணைந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

மறுபடியும் நான், கல்லிடைக்குறிச்சி ஆச்சியின் பேரன்:

மாமாவும் துபாயிலிருந்து 192.168.1.1 அடித்துப் பார்த்தாராம். அவர் அறையில் உள்ள பெட்டியின் பக்கம் திறந்ததாம்! 192.168 என்று தொடங்கும் எண்களை வீடு, அலுவலகத்தின் உள் உபயோகத்துக்கென்று 1990-களிலேயே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்க அதே எண்கள்தான், வெளியிலிருந்து அடித்தால் நம் வீட்டுக்கு வராது. ஆச்சியிடம் சொன்னதற்கு, "அப்பம் அவன் அங்கன இருந்து நம்ம பெட்டிய ஒண்ணும் பண்ண மாட்டாம்லா?" என்று கேட்டு உறுதி பண்ணிக்கொண்டாள்.