துப்பாக்கி தொட மாட்டேங்கறான் அக்கா மகன்: யார் பக்கம் நியாயம்?

கடைமடைக்காரன்:
நாங்க மன்னார்குடி நயினார் வீடு, அதாவது தமிழ்ச் சமணர், மல்லிநாதர் கோயில் பக்கம். அக்கா குடும்பம் சிங்கப்பூர்ல பி.ஆர் (நிரந்தரவாசி). பெத்தவங்க மூலமா பி.ஆர் வாங்குன பையனுக்கு அங்க ரெண்டு வருஷ ராணுவ சேவை கட்டாயம், 1967லேருந்து இருக்கற முறை. இவனுக்கு 17 முடியப்போகுது. "ஓடச் சொல்லட்டும், மூட்டை தூக்கச் சொல்லட்டும் மாமா, ஆளைக் குறி வச்சு சுடப் பழக மாட்டேன்"ங்கறான். விளையாட்டுப் பேச்சு இல்ல. ஏழு வயசுலேருந்து எங்க மத வழக்கப்படி பொழுது சாஞ்சா சோறு தொடாதவன். அங்க மதத்தைக் காட்டி விலக்கு வாங்க முடியாது. யெகோவா சாட்சிகள்ங்கற கிறிஸ்தவப் பிரிவுப் பசங்க மறுத்துட்டு ராணுவச் சிறைக்குத்தான் போறாங்க. அக்கா அழுதுகிட்டே இருக்கு. நான் பையன் பக்கம்.

பட்டாளத்து வீடு:
கோவிச்சுக்காதீங்க. பி.ஆர் வேணும், அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் வேணும், காவலுக்கு மட்டும் அடுத்த வீட்டுப் பையன் போகணுமா? கொள்ளிடக் கரை உடைப்பெடுத்தா வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட நிக்கணும். "எங்க சாமிக்கு ஆகாது"ன்னு ஒருத்தன் திண்ணையில உக்காந்தா விடுவீங்களா? கர்நாடகா சிரவணபெளகொளாவுல கோமடேஸ்வரர்ங்கற பெரிய சமணச் சிலையை நிறுத்துன சாமுண்டராயர் யாரு? கங்க ராஜாக்களோட படைத்தலைவர். முழுக் கொல்லாமை துறவிக்குத்தான், இல்லறத்தான் தற்காப்புக்கு ஆயுதம் எடுக்கலாம்னு உங்க மதமே விட்டுருக்கு. பையன் அவரை விடப் பெரிய சமணனா?

கடைமடைக்காரன்:
சாமுண்டராயர் விஷயத்துல மாட்டிக்கிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா மண்வெட்டி எடுக்க மாட்டேன்னு அவன் சொல்லலையே அண்ணே.

சிங்கைவாசி:
ரெண்டு வருஷம் போயிட்டு வந்தவன் சொல்றேன், பூர்வீகம் திருத்துறைப்பூண்டி. எனக்கு மட்டும் சுட ஆசையா? முதல் நாள் படுத்து விசையை இழுத்ததும் கட்டை தோள்ல இடிச்சுது, அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல. பிடிக்காததுக்கு மதப் பேர் வச்சா விலக்குன்னா, நாளைக்கே மொத்த பிளாட்டூனும் நயினார் ஆயிடும்.

வெண்ணாற்றங்கரை:
சிங்கைத் தம்பி பயப்படறது 900 வருஷத்துக்கு முந்தியே நடந்ததுதான். தமிழ் வாத்தியாரா இருந்தவன், சொல்லாம இருக்க முடியல. சோழன் படை கலிங்கத்தை ஜெயிச்சதைப் பாடுற கலிங்கத்துப்பரணியில, தோத்து ஓடுன கலிங்க வீரனுங்க இடுப்புத் துணியும் போய், முள்ளுத் தூறு பிடுங்குனது போக மிச்ச மயிரையும் பறிச்சுக்கிட்டு, "அமணர்"னு, அதாவது துணி இல்லாம முடி பறிச்சுக்கற சமணத் துறவின்னு சொல்லித் தப்பிச்சாங்க. வில்லு நாணைப் பூணூலா மாட்டிக்கிட்டு, கங்கையாட வந்து மாட்டிக்கிட்டோம்னு சொன்னவங்களும் உண்டு. பாட்டு கேலிதான். ஆனா அமணன்னு தெரிஞ்சா சோழன் கத்தி நிக்கும்ங்கற எண்ணம் இல்லேன்னா அந்த வேஷத்துக்கு ஏது மதிப்பு? இத்தனைக்கும் பாடுன செயங்கொண்டாருக்கு ஊர் நம்ம திருவாரூர்ப் பக்கம் தீபங்குடின்னு சொல்லுவாங்க. இன்னிக்கும் அங்க சமணர் கோயில் இருக்கு.

பட்டாளத்து வீடு:
ஐயா, எதிரிப் பக்கத்துச் சாமியாரை வெட்டாம விடறது வேற. சொந்தப் படைக்கு வர மாட்டேன்ங்கறவனை விடறது வேற. ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்க.

தஞ்சாவூர் வக்கீல்:
பட்டாளத்தார் பிரிச்சது சரி. ஆனா வேஷக்காரனைக் கண்டுபிடிக்க வழி இல்லாம இல்ல. தென் கொரியாவுல மறுத்த பசங்களை வருஷக்கணக்கா ஜெயில்ல போட்டாங்க. 2018ல அரசியல் சாசன நீதிமன்றம் மாற்றுப் பணி கொடுத்தாகணும்னுச்சு. 2020லேருந்து 36 மாசம் சிறைச்சாலையிலேயே தங்கி வேலை. தரைப்படைக்குப் போனவனுக்கு 18 மாசம்தான். பொய் சொல்றவன் ரெண்டு மடங்கு நாள் ஜெயில் அடுப்படியில நிப்பானா? அப்புறம் சாமுண்டராயரை இதுல இழுக்கவே வேணாம். 1965லயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், ராணுவ விலக்கு கேட்டு மனு போட்டவன் மனசார நம்பறானாங்கறதைத்தான் பாத்துச்சு, அவனுக்கு எந்தக் கோயில்ங்கறதை இல்ல.

பட்டாளத்து வீடு:
ரெண்டு மடங்குன்னா அது தண்டனைதான், பேருதான் மாற்றுப் பணி. சரி, அதுவாவது இருக்கட்டும்.

சிங்கைவாசி:
36 மாசம்னா நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா இங்க அந்த ஏற்பாடு இல்லையே. பி.ஆரைத் திருப்பிக் கொடுத்துட்டு ஊருக்கு வந்தாலும், பின்னால படிக்கவோ வேலைக்கோ இங்க வரணும்னு மனு போட்டா, சேவை செய்யாமப் போனதைக் கணக்குல எடுப்பாங்க. அக்காகிட்ட இதைத் தெளிவா சொல்லிடுங்க.

கிட்டிக்காரர் பேரன்:
ஒரு சின்ன விஷயம். கொல்லாமை பேசற வீட்டு சம்பா வயல்ல எலிக்குக் கிட்டி வச்சது யாரு? எங்க தாத்தா. சாயங்காலம் மூங்கில் கிட்டியை வளைச்சு வரப்போரமா வரிசையா நட்டுட்டு வருவாரு. விடிஞ்சதும் கழுத்து நெரிஞ்ச எலியை எல்லாம் கோணியில போட்டுக்கிட்டு வந்து வாசல்ல கொட்டுவாரு. பண்ணை வீட்டு ஐயா துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டு வாலை எண்ணுவாரு. நெல்லு அவங்க குதிருக்கு, பாவம் எங்க தாத்தா கணக்குல.

கடைமடைக்காரன்:
என்கிட்ட பதில் இல்ல. நேத்து போன்ல பையனுக்கு இதைப் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அந்தத் தாத்தாவுக்கு ஒரு எலிக்கு எவ்வளவு குடுத்தாங்க மாமா?"ன்னு கேக்கறான்.

கிட்டிக்காரர் பேரன்:
எட்டணா. வால் அறுந்த எலிக்குக் கிடையாது.