"உன்னால் முடியும்" என்றவர்களும், செய்து காட்டியவர்களும்

கண்ணாடி முன் நின்று "நான் திறமைசாலி, என்னால் எதுவும் முடியும்" என்று சொல்லும் பயிற்சியை யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அது சரிப்படவில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் உள்ளே ஒரு குரல் "சும்மா சொல்லாத" என்றது. கோளாறு என்னிடம்தான் என்று நினைத்திருந்தேன். 2009-ல் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரின் குழு இதைச் சோதித்திருக்கிறது. தன்மதிப்பு குறைவாக இருப்பவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்களுடைய மனநிலை மோசமாகத்தான் போனது. ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் லேசான பலன். அதாவது, தேவைப்படாதவர்களுக்கு வேலை செய்யும் மருந்து! உங்களுக்கு உண்மையில் எது உதவியது என்று சொல்லுங்கள்.

*

நான் செவிலியர். படிப்பில் நல்ல மதிப்பெண்தான். ஆனால் வார்டில் ஐ.வி. லைன், அதாவது வெயின் என்ற ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் குழாய், போடச் சொன்னால் உள்ளங்கை வியர்த்துவிடும். எல்லோருக்கும் கைவருகிறது, எனக்கு மட்டும் வராது என்று தீர்மானமாக நம்பினேன். "உன்னால முடியும்மா" என்று தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் இவர்களையும் ஏமாற்றிவிடக் கூடாதே என்ற பாரம் கூடியதுதான் மிச்சம்.

மூத்த செவிலியர் ஒருவர் மட்டும் தைரியத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "எந்த இடத்துல பயம்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் எனக்கு ஊசியிடம் பயமில்லை. வெயின் கிடைக்காவிட்டால் நோயாளி திட்டுவாரோ என்றுதான் பயம். சரி, அப்படியென்றால் இதைச் செய் என்று வரிசையாகச் சொன்னார். வெயினைக் கண்ணால் தேடாதே, விரலால் தேடு. நல்லது அழுத்தினால் மீண்டு எழும். தோலை இழுத்துப் பிடி, வழுக்காது. ரத்தம் தெரிந்ததும் ஊசியின் கோணத்தைத் தாழ்த்து. அப்புறம் கடைசியாக: "ரெண்டு தடவை கிடைக்கலேன்னா கையை எடுத்துட்டு என்னைக் கூப்பிடு. அதை நோயாளிகிட்ட முன்னாடியே சொல்லிடு."

பல மருத்துவமனைகளில் இது சாதாரண நடைமுறைதான். ஆனால் அன்று எனக்கு அது பெரிய விடுதலை. முதல் குத்தில் கிடைக்காமல் போவதும் இந்த வேலையில் சேர்த்திதான், யாரை எப்போது அழைப்பது என்று தெரிந்திருப்பதும் திறமைதான் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. நடுக்கம் எந்த நாளில் நின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குழந்தைகளுக்குப் போடும்போது இன்றைக்கும் சில சமயம் வேறொருவரை அழைக்கிறேன். கூச்சமே இல்லை.

*

துறை வேறு, கதை இதேதான். நான் மென்பொருள் எழுதுபவன். என்னை டீம் லீடாக ஆக்கியபோது ஆள் மாறி எடுத்துவிட்டார்கள், சீக்கிரமே குட்டு வெளிப்பட்டுவிடும் என்று காத்திருந்தேன். இந்த உணர்வைப் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-லேயே "இம்போஸ்டர்" உணர்வு என்று பெயரிட்டு விவரித்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பேசியது சாதித்துக் காட்டிய பெண்களிடம். படித்ததும் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தது. பெயர் தெரிந்துவிட்டால் நோய் தீர்ந்துவிடுமா என்ன?

எனக்கு உதவியது எங்கள் குழுவில் அனுபவம் அதிகமுள்ள பெண்மணியைக் கவனித்தது. கூட்டத்தில் "எனக்கு இது புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று அதிகமாகக் கேட்பவர் அவர்தான்! ஒன்றும் தெரியாதவர்கள்தான் கேட்பார்கள் என்ற என் கணக்கு அங்கேயே உடைந்தது. "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று நானும் சொல்லத் தொடங்கினேன். யாரும் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-ல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: தன்னால் முடியும் என்ற எண்ணத்துக்கு முதல் ஆதாரம் தானே செய்து பார்த்தது, அடுத்தது நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது. வாய்வார்த்தை ஊக்கத்தின் வலு அவற்றுக்குப் பின்னால்தான்.

*

"எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்" என்ற பயம் உள்ளவர்களுக்காக இது. 2000-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், போட்டுக்கொள்ளவே கூச்சப்படும்படியான படம் உள்ள டிஷர்ட்டை மாணவர்களுக்கு அணிவித்து, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். சுமார் பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான்.

இதைச் சொல்லி ஆறுதல்படுத்துவார்கள். எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது, ஆனால் அதன் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. நம் தடுமாற்றத்தைக் கவனிக்காதவர்கள் நம் நல்ல வேலையையும் கவனிப்பதில்லை. அதனால் இப்போதெல்லாம் செய்து முடித்ததை மேலாளரிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் பேசுவதைவிட எனக்கு இதுதான் கஷ்டமாக இருக்கிறது. உங்களில் யாருக்காவது இது பழகிவிட்டதா?