அரசியல் குழப்ப நேரத்தில் வங்கிப் பங்குகளை வைத்திருப்பதா, விற்பதா?

கேள்வி: ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். முப்பத்தோர் ஆண்டுகள் தோட்ட அலுவலகத்தில் கிராணியாகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது பட்டணத்துத் தாமான் வீடு ஒன்றில் வசிக்கிறேன். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு மேபேங்க், பப்ளிக் பேங்க் பங்குகளை வாங்கினேன். அவற்றின் இலாப ஈவுதான் எனக்கும் என் மனைவிக்கும் மருந்துச் செலவைத் தாங்குகிறது.

கூட்டணியில் பிளவு என்றோ, நாடாளுமன்றம் கலையப் போகிறது என்றோ செய்தி வந்தால் இப்பங்குகள் உடனே இறங்குகின்றன. தோட்டத்தில் நாங்கள் அறிந்தவரை செம்பனை விலை இறங்கினால் அதற்கு மழையோ உலகச் சந்தையோ காரணமாக இருக்கும். வங்கிக்கும் அமைச்சரவைக்கும் என்ன தொடர்பு என்பது எனக்கு விளங்கவில்லை. காப்பிக் கடை நண்பர்கள், பங்கு இறங்கினால் வங்கியே ஆட்டம் காணும், வைப்புத் தொகையும் போய்விடும், தேர்தலுக்கு முன்பே விற்றுவிடு என்கிறார்கள். அடுத்த ஆண்டு இளைய மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு 30,000 வெள்ளி தேவைப்படுவதால் கவலை கூடியிருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: வங்கிக் கடன் பிரிவு ஊழியர், ஈப்போ

ஐயா, வணக்கம். பங்கு விலை இறங்குவதும் வங்கி நொடிப்பதும் வெவ்வேறு செய்திகள். வைப்புத் தொகைக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகமான பி.ஐ.டி.எம். பாதுகாப்பு அளிக்கிறது. பங்குகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே காப்பிக் கடைப் பேச்சை அப்படியே ஏற்க வேண்டாம்.

வங்கிப் பங்குகள் முதலில் அசைவதற்கு முக்கியக் காரணம், அவை எளிதில் விற்கக்கூடியவை என்பதுதான். 30 நிறுவனங்களைக் கொண்ட நம் பங்குச் சந்தையின் முதன்மைக் குறியீட்டில் வங்கிகளின் எடை மிக அதிகம். மலேசியாவில் வைத்திருக்கும் முதலீட்டைக் குறைக்க நினைக்கும் வெளிநாட்டு நிதி நிறுவனம், ஒரே நாளில் பெருந்தொகைக்கு வாங்குவார் கிடைக்கும் பங்கைத்தான் விற்கும். ரிங்கிட்டும் சரியும் என்று அது அஞ்சினால் அவசரம் இன்னும் கூடும். அவ்விற்பனை அந்த வங்கியின் கணக்கு வழக்கைப் பற்றிய தீர்ப்பு அன்று.

நிலைத்த பாதிப்போ கொள்கை முடிவுகளின் வழியாக வருகிறது. 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதங்களுக்குக் கடன் தவணைகள் ஒத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தன் கொள்கை வட்டி விகிதத்தைப் படிப்படியாக 1.75 விழுக்காட்டிற்கு இறக்கியது. கடன் வட்டி உடனே குறைய, முன்பே வாங்கிய நிரந்தர வைப்புகளுக்குப் பழைய வட்டியையே கொடுக்க வேண்டியிருந்ததால் வங்கிகளின் இலாப இடைவெளி சுருங்கியது. 2022ஆம் ஆண்டுக்கு மட்டும் விதிக்கப்பட்ட ‘சுக்காய் மக்மூர்’ என்னும் செழிப்பு வரியோ, 100 மில்லியன் வெள்ளிக்கு மேற்பட்ட வருமானத்திற்கு வழக்கமான 24 விழுக்காட்டிற்குப் பதிலாக 33 விழுக்காடு விதித்தது. பெரிய வங்கிகள் அனைத்தும் அதில் அகப்பட்டன. ஆகவே யார் பிரதமர் என்ற செய்தியைவிட, வரவுசெலவுத் திட்ட உரையையும் வட்டி விகித அறிவிப்பையும் நீங்கள் கூர்ந்து படிப்பது நல்லது.

பதில் 2: ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்

நண்பரே, 2008 மார்ச் 8ஆம் தேதி இரவு உங்களுக்கு நினைவிருக்கும். 1974 முதல் நம் தொகுதியை வைத்திருந்த சாமிவேலு தோற்றார். மத்தியில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. மார்ச் 10, திங்கட்கிழமை, குறியீடு 123 புள்ளிகள், அதாவது 9.5 விழுக்காடு, வீழ்ந்தது. இடையில் வணிகமே ஒரு மணி நேரம் நிறுத்தப்பட்டது. அன்று மாலை நான் நிம்மதியின்றி, மறுநாள் என் வங்கிப் பங்குகளை எல்லாம் விற்றேன்.

அவ்வாண்டு அக்டோபரில், நம் தேர்தலோடு தொடர்பே இல்லாத உலக நிதி நெருக்கடியால், அதே பங்குகள் இன்னும் மலிவாயின. விற்றது சரி என்று அப்போது மகிழ்ந்தேன். ஆனால் வாங்கத் துணியவில்லை. 2010இல் குறியீடு தேர்தலுக்கு முந்திய நிலையைக் கடந்தபோதும் நான் வெளியில்தான் இருந்தேன். விற்பதற்கு ஒரு முடிவு, திரும்ப வாங்குவதற்கு ஒரு முடிவு என இரண்டு தேவைப்படுகின்றன. இரண்டாவது முடிவு எடுக்கும் துணிவு எனக்கு வரவே இல்லை.

ஈப்போ தம்பி சொன்னதில் ஒன்றைத் திருத்த விரும்புகிறேன். வங்கியே ஆட்டம் கண்ட காலமும் உண்டு. 1998இல் வாராக் கடன்கள் குவிந்ததால்தான் அவற்றை வாங்க டானாஹார்த்தாவும், வங்கிகளுக்கு மூலதனம் ஊட்ட டானாமோடாலும் அமைக்கப்பட்டன. வியப்பு என்னவென்றால், குறியீடு மிகத் தாழ்ந்து 262 புள்ளிகளில் முடிந்தது செப்டம்பர் 1ஆம் தேதி. துணைப் பிரதமர் அன்வார் நீக்கப்பட்டது அதற்கு மறுநாள். அரசியல் அதிர்ச்சி வந்தபோது சந்தையின் அடிமட்டம் கடந்துவிட்டிருந்தது. வாராக் கடன் விகிதத்தைப் பாருங்கள். அது காலாண்டு அறிக்கையிலேயே இருக்கும்.

பதில் 3: சிறு முதலீட்டாளர், தாப்பா

அண்ணா, வணக்கம். 2022 நவம்பர் 19 தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாதபோது, அடுத்த திங்கட்கிழமையே நான் பாதிப் பங்குகளை விற்றேன். வியாழக்கிழமை புதிய பிரதமர் யார் என்று அறிவிக்கப்பட்டதும் சந்தை ஒரே நாளில் ஏறக்குறைய 4 விழுக்காடு உயர்ந்தது. அந்த மூன்று நாள்களில் நான் இழந்ததை ஈவுத் தொகையால் ஈடுகட்ட நெடுநாள் ஆயிற்று.

2022 அக்டோபரில் கட்சித் தாவல் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், தனி உறுப்பினர்கள் தாவி 2020 பிப்ரவரியைப் போல அரசைக் கவிழ்ப்பது கடினமாகிவிட்டது. ஆனால் ஒரு கட்சி முழுவதுமாகக் கூட்டணி மாறுவதை அச்சட்டம் தடுக்கவில்லை. எனவே இத்தகைய செய்திகள் இனியும் வரும்.

மகளின் 30,000 வெள்ளியைப் பற்றி எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஓராண்டுக்குள் தேவைப்படும் பணம் எந்தப் பங்கிலும் இருக்கக் கூடாது. தேர்தல் வந்தாலும் வராவிட்டாலும் அதை விற்று நிரந்தர வைப்பில் போடுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கட்டணப் பணத்திற்குரிய பங்குகளை மட்டும் விற்கிறேன், மீதியைத் தொடவில்லை. அடுத்த ஈவு அறிவிக்கப்பட்டிருக்கும் நிலையில் இப்போதே விற்றால் அதை இழப்பேனா?

பதில் 1: வங்கிக் கடன் பிரிவு ஊழியர், ஈப்போ

ஐயா, அறிவிப்பில் ‘எக்ஸ் தேதி’ என்று ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கும். அன்றோ அதற்குப் பின்போ விற்றால் ஈவு உங்களுக்கே வரும். அதற்கு முன் விற்றால் வாங்கியவருக்குப் போகும். ஆனால் எக்ஸ் தேதியன்று பங்கு விலையும் ஏறத்தாழ அந்த ஈவின் அளவுக்கு இறங்கியே தொடங்கும்.