சோவியத்தும் சீனாவும்: அந்த உறவின் தடயங்களை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஆற்றோரம்

வேலை விஷயமாகச் சீனாவில் இருந்தபோது யாங்சி ஆற்றின் மேல் இரண்டு பாலங்களைப் பார்த்தேன். வூஹான் பாலம் 1957-ல் திறந்தது. சோவியத் பொறியாளர்கள் சீனர்களோடு நின்று கட்டியது. மேலே சாலை, கீழே ரயில். நான்ஜிங் பாலமும் அதே மாதிரிதான், ஆனால் கதை வேறு. அதற்கு சோவியத்திலிருந்து வரவேண்டிய எஃகு வரவே இல்லை. ஆன்ஷான் ஆலையில் சீனர்களே எஃகு தயாரித்து 1968-ல் பாலத்தை முடித்தார்கள். என்னைக் கூட்டிப்போன உள்ளூர் நண்பர் பாலத்தின் அழகைப் பற்றிப் பேசவே இல்லை, அந்த எஃகைப் பற்றித்தான் பேசினார். அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. இருந்தும் கைவிட்டுப் போனார்கள் என்ற வருத்தம் அவர் குரலில் இருந்தது.

பதினோரு ஆண்டுக்குள் இவ்வளவு பெரிய நட்பு இப்படி ஆனது என்னை விடாமல் உறுத்துகிறது. உங்களில் யாருக்காவது நேரடி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

பழைய மாஸ்கோ மாணவன்

1980-களில் மாஸ்கோவில் லுமும்பா பல்கலைக்கழகத்தில் படித்தேன். எங்களுக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இளமையில் வடகிழக்குச் சீனாவில் ஓர் ஆலையில் வேலை பார்த்தவர். சீன அரசு கொடுத்த நட்புப் பதக்கத்தை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். அந்தக் காலத்தில் சீனாவைப் பற்றி நல்லதாகப் பேசுவது சுலபமில்லை. வீட்டுக்குள் மட்டும் பேசுவார்.

1960 ஜூலையில் சீனாவில் இருந்த சோவியத் நிபுணர்கள் எல்லோரும் திரும்பி வரவேண்டும் என்று மாஸ்கோவின் உத்தரவு. சுமார் 1,390 நிபுணர்கள், நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்கள், எல்லாம் சில வாரங்களில் முடிந்துபோயின. அவருடைய வரைபடங்கள் பாதியில் நின்றன. கிளம்புவதற்கு முந்தின இரவு சீனச் சகாக்கள் அறைக்கு வந்து ஒவ்வொரு தாளாகக் கேட்டார்களாம், இவரும் விடியும்வரை விளக்கிச் சொன்னாராம். அவர் கோபமெல்லாம் சீனர்கள் மேல் இல்லை. களத்தில் இருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்பதுதான் அவர் மனக்குறை.

அந்த உத்தரவு போட்ட சோவியத் தலைவர் குருஷேவ் செய்தது பெரிய தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் பழி ஒருபக்கம் மட்டும் இல்லை. 1958-ல் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கூட்டாக வைத்துக்கொள்ளலாம் என்று மாஸ்கோ கேட்டதை, தன் கடற்கரையைக் கேட்பதாகவே மாவோ எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் தைவான் அரசின் கையிலிருந்த ஜின்மன் தீவின் மேல் குண்டுமழை பொழிந்தார். அமெரிக்காவோடு அணுப்போர் மூண்டால் நாமும் மாட்டிக்கொள்வோமே என்று மாஸ்கோ பயந்தது நியாயம்தான். அடுத்த ஆண்டு ஜூனில், தருவதாகச் சொன்ன மாதிரி அணுகுண்டைத் தரமாட்டோம் என்று மாஸ்கோவிலிருந்து கடிதம் போனது. சீனா தன் குண்டுத் திட்டத்துக்கு 596 என்று பெயர் வைத்தது, அந்த ஆண்டையும் மாதத்தையும் மறக்கக்கூடாது என்று. 1964 அக்டோபரில் வெடித்தும் காட்டியது.

தண்டவாளம்

என் அனுபவம் வடகிழக்குச் சீனாவின் துறைமுகமான லியூஷுனில். பழைய போர்ட் ஆர்தர்தான். சோவியத் வீரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று அங்கே இருக்கிறது, நன்றாகப் பராமரிக்கிறார்கள். அங்கே நிற்கும்போது ஒன்று புரிந்தது. 1950 பிப்ரவரி 14 அன்று நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகும், சோவியத் படை அந்தத் துறைமுகத்தில் 1955 வரை இருந்தது. அந்த ஒப்பந்தத்துக்காகவே மாவோ 1949 டிசம்பரிலிருந்து மாஸ்கோவில் காத்துக்கிடந்தார். கிடைத்தது 30 கோடி டாலர் கடன், 1 சதவீத வட்டி. அன்றைய சீனாவுக்கு அது பெரிய உதவி. ஆனால் தன் மண்ணில் இன்னொருவர் படையை வைத்துக்கொண்டு வாங்கிய உதவி. கசப்பு 1960-ல் தொடங்கவில்லை, முதல் நாளே இருந்தது என்பது என் எண்ணம்.

அப்புறம், மஞ்சூலி எல்லையில் ரயில் சக்கரம் மாற்றும்போது ஒரு சீனப் பெரியவர் சொன்னது: பஞ்ச காலத்தில் கடனுக்காக அனுப்பிய ஆப்பிள்களை ரஷ்யர்கள் வளையத்தில் நுழைத்துப் பார்த்து, சின்னதையும் பெரியதையும் தள்ளிவிட்டார்களாம். இது உண்மையா?

பழைய மாஸ்கோ மாணவன்

தோழர், அந்தக் கதை சீனாவில் எல்லோருக்கும் தெரியும். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பஞ்சத்திலும் சீனா உணவை ஏற்றுமதி செய்தது உண்மை, கடனை 1965-க்குள் அடைத்ததும் உண்மை. ஆனால் அவசரமாக அடைத்தது பெய்ஜிங்கின் முடிவு. 1961-ல் சோவியத் கடனாகச் சர்க்கரை கொடுத்தது, அதைப் பெய்ஜிங் வாங்கிக்கொண்டது. மக்கள் பசிக்கு முதல் காரணம் விவசாயத்தையும் தொழிலையும் ஒரே மூச்சில் வளர்க்க மாவோ கொண்டுவந்த பெரும் பாய்ச்சல் திட்டம்தான். இதை மறைத்து ரஷ்யர் மேல் மட்டும் பழி போடுவது செத்துப்போனவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

வடமராட்சி

அங்கே போட்ட சண்டை எங்கள் வீட்டுக்கும் வந்தது. இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி 1963-64-ல் உடைந்தபோது அப்பா மாஸ்கோப் பக்கம், பெரியப்பா தலைவர் சண்முகதாசனோடு பீக்கிங் (பெய்ஜிங்) பக்கம். ஒரே முற்றத்தில் இரண்டு பக்கத்துப் பத்திரிகைகளும், 'தேசாபிமானி'யும் 'தொழிலாளி'யும், வந்தன. சாப்பாட்டு நேரத்தில்கூட வாக்குவாதம். ஒருவர் எதிரிகளோடு சமாதானமாக வாழலாம் என்பார், மற்றவர் அது காட்டிக்கொடுப்பு என்பார். அம்மம்மா எழும்பி வந்து இரண்டு பேரையும் ஏசினபிறகுதான் அடங்குவினம்.

1968-ல் மாவிட்டபுரம் கோயில் நுழைவுப் போராட்டத்தில் பெரியப்பா அடி வாங்கினார். தீண்டாமைக்கு எதிராக அன்று முன்னால் நின்றவர்கள் பீக்கிங் பக்கத்துத் தோழர்கள்தான், இதை அப்பாவே ஒத்துக்கொள்வார்.

பிறகு 1971 ஏப்ரலில் இலங்கை அரசுக்கு எதிராக ஜே.வி.பி. இளைஞர்களின் கிளர்ச்சி. சோவியத் நாடு இலங்கை அரசாங்கத்துக்கு மிக் போர் விமானம் அனுப்பியது. சீனப் பிரதமர் சூ என்லாய் எங்கள் பிரதமர் சிறிமாவோவுக்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார், வட்டியில்லாக் கடனும் வந்தது. ஒன்றோடொன்று எல்லையில் சுட்டுக்கொண்ட இரண்டு நாடும் கொழும்பில் ஒரே பக்கம் நின்றன. சண்முகதாசன் கிளர்ச்சியில் சேராதவர், அவரையும் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். பெரியப்பா சூ என்லாயின் கடிதத்தைப் பத்திரிகையில் பலமுறை வாசித்தார். அப்பா அன்றைக்கு அவரோடு வாதாடவில்லை, பக்கத்தில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கட்சியைப் பெரியப்பா விடவில்லை, ஆனால் பீக்கிங் வானொலி கேட்பதை அந்த ஆண்டோடு நிறுத்திவிட்டார்.